பியூலா சிஸ்டரும் எங்கள் கைகளும்

ஞாயிற்றுக்கிழமை மதியம் பாத்திரம் தேய்த்துக்கொண்டிருந்தேன். போன் அடித்தது. கையுறையைக் கழற்றி எடுப்பதற்குள் நின்றுவிட்டது. திருப்பிக் கூப்பிட்டேன். எடுத்தது கம்பெனித் தோழி நூர்ஜஹான். எப்போதும் பிள்ளைகளைப் பற்றி விசாரித்துவிட்டுத்தான் விஷயத்துக்கு வருவாள். அன்று எடுத்த எடுப்பிலேயே, "சுமதி, நம்ம சிஸ்டர் போய்ட்டாங்க" என்றாள்.

எந்த சிஸ்டர் என்று நான் கேட்கவில்லை. எங்கள் இருவருக்கும் பொதுவாக ஒரே ஒரு சிஸ்டர்தான் இருந்தார்.

காலையில் சர்ச்சுக்குப் போய்விட்டுப் பள்ளிகொண்டாவில் இருக்கும் வீட்டுக்குத் திரும்பியிருக்கிறார். தலை வலிக்கிறது என்று படுத்தவர் எழுந்திருக்கவில்லை. மூளையில் ரத்தக் கசிவு என்று வேலூரில் சொன்னார்களாம். அடுத்த ஆண்டு ஓய்வு பெற இருந்தவர். மறுநாள் அடக்கத்துக்குக் கம்பெனியிலிருந்து ஒரு பஸ் விட்டார்கள். அதில் இடம் போதாமல் பல பெண்கள் ஷேர் ஆட்டோவிலும் டவுன் பஸ்ஸிலும் வந்தார்கள்.

அவரோடு வேலை செய்தவர்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன். அவரைப் பார்த்திராதவர்களும் படிக்கக்கூடும் என்பதால் சில விவரங்களைச் சொல்லிவிடுகிறேன். ஆம்பூருக்குப் பக்கத்தில் எங்கள் ஷூ கம்பெனி இருக்கிறது. வேலை செய்பவர்களில் பெரும்பாலோர் பெண்கள். அங்கே முதலுதவி அறையில் நர்ஸாக இருந்தவர் பியூலா. நான் பேஸ்டிங் பகுதியில் சேர்ந்தவள். ஷூவின் மேல்பாகத்துக்கான தோல் துண்டுகளைப் பசை தடவி ஒட்டுகிற வேலை அது. இப்போது அதே லைனுக்கு சூப்பர்வைசராக இருக்கிறேன்.

எனக்கு முப்பத்து மூன்று வயதில் இரண்டாவது குழந்தை பிறந்தது. அதன் பிறகு கைகளில் அரிப்பு தொடங்கியது. முதலில் விரல் இடுக்குகளில் சின்னச் சின்னக் கொப்புளங்கள். பிறகு உள்ளங்கை தடித்து, காய்ந்து, வெடித்தது. குழந்தை பிறந்த உடம்பு, சூடு என்றார்கள். மெடிக்கல் ஷாப்பில் ஒரு ட்யூப் கொடுத்தார்கள். தடவினால் மூன்றாம் நாளே குறைந்துவிடும், நிறுத்தினால் முன்னைவிட அதிகமாக வரும். இப்படியே ஏழெட்டு மாதம் ஓட்டினேன். புறங்கைத் தோல் வெங்காயச் சருகு மாதிரி மெலிந்துவிட்டது. ஒருநாள் வெடிப்பிலிருந்து கசிந்த ரத்தம் வெள்ளைத் தோலில் பட்டு ஒரு ஜோடி வீணானது. அன்றைக்கு இருந்த சூப்பர்வைசர் என்னை முதலுதவி அறைக்கு அனுப்பினார். வேலையை விட்டு நிறுத்திவிடுவார்கள் என்ற பயத்தோடுதான் போனேன்.

சிஸ்டர் என் கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். மருந்து எடுத்துத் தருவார் என்று நினைத்தேன். அவர் ஒரு நீள நோட்டை எடுத்துப் பிரித்தார்.

"சின்ன வயசுல முட்டி மடிப்புல, முழங்கை மடிப்புல சொறி வந்துதா?"

"வந்துது. கரப்பான்னு சொல்வாங்க. அப்புறம் போய்டுச்சு."

"காலையில எழுந்தா தும்மல் ஜாஸ்தியா?"

"ஆமா."

"வீட்ல யாருக்காவது இழுப்பு உண்டா? அம்மா, அப்பா, கூடப் பொறந்தவங்க?"

எனக்குக் கோபம் வந்துவிட்டது. "இன்னா சிஸ்டர், கைக்கு மருந்து கேட்டு வந்தா எங்க வீட்டுக் கதைய கேக்கறீங்க?"

"கையும் உங்க வீட்லேர்ந்துதானே வந்துது? சொல்லு" என்றார். குரலில் கேலி இல்லை.

சொன்னேன். என் அம்மா பேரணாம்பட்டில் பீடி சுற்றியவர். மழைக்காலம் வந்தால் அவருக்கு மூச்சு இழுக்கும். கழுத்தில் கறுப்புக் கறுப்பாகத் தடிப்பு இருக்கும், சொறிந்துகொண்டே இருப்பார். அதையும் என் கையையும் நான் அதுவரை சேர்த்து யோசித்ததே இல்லை.

சிஸ்டர் எழுதி முடித்துவிட்டுச் சொன்னதை இன்றும் அப்படியே சொல்ல முடியும். "சில பேருக்குப் பொறக்கும்போதே தோல்ல பூச்சு கம்மி. அது குடும்பத்து வழியா வர்றது, அதுக்கு யாரும் ஒண்ணும் பண்ண முடியாது. ஆனா பூச்சு கம்மியான செவுரு மழை பேஞ்சாத்தான் ஊறும். நீ டெய்லி எத்தன மழை ஊத்தறேன்னு எண்ணிட்டு வா."

எண்ணினேன். விடிவதற்கு முன் வாசல் கழுவுவது, பாத்திரம், ஆறு பேர் துணி, குழந்தையின் துணி. எல்லாம் சோப்புத் தூள், எல்லாம் வெறுங்கை. அரிப்புக்கு இதமாக இருக்கிறதென்று கொதிக்கக் கொதிக்க வெந்நீர். கம்பெனியில் எட்டு மணி நேரம் பசை. விரலில் ஒட்டிய பசையைப் போக்கத் தின்னரில் நனைத்த துணி. வீட்டுக்கு வந்தால் மறுபடி பாத்திரம். குழந்தை தூங்க விடாததால் ஐந்து மணி நேரத் தூக்கம். இத்தனையும் செய்துவிட்டு நான் விலக்கி வைத்திருந்தது கத்திரிக்காயையும் கருவாட்டையும்! கரப்பான் பண்டம் என்று மாமியார் சொன்னதால் ஏழெட்டு மாதமாகத் தொடவில்லை. ஆம்பூரில் இருந்துகொண்டு கத்திரிக்காய் தொக்கு இல்லாமல் பிரியாணி சாப்பிட்டவள் நான் ஒருத்திதான் இருப்பேன். "சாப்ட்டுப் பாரு. சாப்ட்ட அன்னிக்கு அரிப்பு ஏறுதான்னு கவனி. ஏறலன்னா பாவம் அந்தக் கத்திரிக்காய விட்ரு" என்றார் சிஸ்டர். ஏறவில்லை.

அவர் சொன்ன வைத்தியத்தில் பெரிய மர்மம் எதுவும் இல்லை. மெடிக்கல் ஷாப் ட்யூபை நிறுத்தச் சொல்லி, வேலூரில் ஒரு தோல் மருத்துவரிடம் அனுப்பினார். அந்த மருத்துவர் எழுதிக் கொடுத்த மருந்தைச் சொன்ன நாள் வரைக்கும் மட்டும் தடவ வைத்தார். வெந்நீர் வேண்டாம், கை கழுவிய ஈரம் காய்வதற்குள் களிம்பு, பாத்திரத்துக்கு ரப்பர் உறை, உள்ளே வியர்த்தால் அதுவே புண்ணாக்கும் என்பதால் ரப்பர் உறைக்குள் ஒரு பருத்தி உறை. இவ்வளவுதான். செய்வதற்குத்தான் பேஜாராக இருந்தது.

வீட்டில் நடந்ததை நான் அவரிடம் சொல்லவே இல்லை. எப்படியோ கண்டுபிடித்தார். ஒருநாள் கட்டு மாற்றும்போது, "கொழந்தைக்கு நீதானே சோறு ஊட்டற? வெடிப்புல ரசம் பட்டா எரியுமே" என்று கேட்டார். அழுதுவிட்டேன். தொற்று நோய் என்று சொல்லி மாமியார் எனக்குத் தனித் தட்டும் டம்ளரும் வைத்திருந்தார். குழந்தைக்கு நான் சோறு பிசையக் கூடாது. என் வீட்டுக்காரரும் அம்மா பேச்சுக்கு மறுபேச்சுப் பேசவில்லை. பத்து மாதக் குழந்தை என்னிடம் பால் குடிக்கலாம், என் கையால் சோறு தின்னக் கூடாது.

"நான் வர்றேன். இப்ப இல்ல. வெடிப்பு மூடட்டும், ஒரு மாசம் ஆவும்" என்றார். ஏன் ஒரு மாதம் என்று அப்போது எனக்குப் புரியவில்லை. திறந்த புண்ணோடு யாரும் சோறு பிசையக் கூடாது என்பது அவருடைய கணக்கு. மாமியாரிடம் பொய் சொல்லி ஜெயிக்க அவருக்கு விருப்பமில்லை.

சொன்னபடி ஒரு ஞாயிற்றுக்கிழமை வந்தார். சாப்பிட உட்கார்ந்தார். என் மாமியார் கரண்டியோடு வந்தபோது, "நீங்க உக்காருங்கம்மா. சுமதி பிசைஞ்சு போடட்டும்" என்றார். மாமியார் பதறிவிட்டார். "அய்யோ சிஸ்டர், அவ கைல சொறி, உங்களுக்கும் ஒட்டிக்கும்."

"ஒட்டாதும்மா. ஒட்டறதா இருந்தா கம்பெனில டெய்லி முப்பது கை புடிக்கறேன், எனக்கு இந்நேரம் தல வரைக்கும் வந்திருக்கணும். இது அவளுக்குள்ளயே இருக்கறது. வெளியே போவாது."

நான் பருப்புச் சோறு பிசைந்து தட்டில் வைத்தேன். அவர் அவசரம் இல்லாமல் சாப்பிட்டார், இன்னும் கொஞ்சம் போடு என்றார். ஒரு வாரம் கழித்து என் டம்ளர் மற்ற டம்ளர்களோடு அலமாரியில் இருந்தது. மாமியார் குழந்தையை என்னிடம் கொடுத்து, "ஊட்டு, எனக்கு இடுப்பு வலிக்குது" என்றார். அவரிடமிருந்து அதற்குமேல் நான் எதிர்பார்க்கவில்லை.

சிஸ்டர் எப்போதும் சரியாகவே சொன்னார் என்று நான் எழுதினால் நூர்ஜஹான் சண்டைக்கு வருவாள். அவளும் பேஸ்டிங்கில் என் பக்கத்து மேஜை. எனக்குப் பிறகு ஒரு வருடத்தில் அவளுக்கும் கைகள் வெடித்தன, முன்கை வரை ஏறியது. சிஸ்டர் அதே கேள்விகளைக் கேட்டார். நூர்ஜஹானின் அண்ணனுக்கு இழுப்பு உண்டு. வீடு பெரிய கூட்டுக் குடும்பம், பாத்திரம் மலை போல் விழும். சிஸ்டர் முடிவு செய்துவிட்டார்: வீட்டு வழி, வீட்டு வேலை. எனக்குச் சொன்ன உறையும் களிம்பும் அவளுக்கும் சொன்னார். எட்டு மாதம் அவள் அத்தனையும் செய்தாள். ஆறவில்லை. "நீ ஒழுங்கா உறை போடறதில்ல" என்று சிஸ்டர் இரண்டு முறை கடிந்துகொண்டார்.

பிறகு தங்கை கல்யாணத்துக்கு நூர்ஜஹான் மூன்று வாரம் லீவ் எடுத்தாள். திரும்பி வந்த ஐந்தாம் நாள் நேராக முதலுதவி அறைக்குப் போனாள். களிம்பு வாங்க நானும் அங்கே போயிருந்தேன்.

"சிஸ்டர், கல்யாண வீட்ல மூணு வாரம் அண்டா அண்டாவா தேய்ச்சேன். ஒறையும் போடல, ஒண்ணும் போடல. கை பூ மாதிரி ஆய்டுச்சு. இங்க வந்து நாலே நாள். இதோ பாருங்க. இது எங்க அண்ணனாலயா?"

சிஸ்டர் ரொம்ப நேரம் அவள் கையைப் பார்த்துக்கொண்டிருந்தார். அடுத்த வாரமே தன் லீவில் அவளை வேலூருக்கு அழைத்துப் போனார். முதுகில் வரிசையாகச் சின்னச் சின்ன மருந்துப் பட்டைகளை ஒட்டி, இரண்டு நாள் குளிக்காமல் வைத்திருந்து, பிறகு எது சிவக்கிறது என்று பார்க்கிற சோதனை. குரோம் வைத்த இடம் தடித்துச் சிவந்திருந்தது. தோல் பதனிடச் சேர்க்கிற அதே குரோம். நாள் முழுக்க அவள் தொட்டுக்கொண்டிருந்த தோலே அவளுக்கு ஆகாததாக இருந்தது. நான் செய்கிற அதே வேலை, அதே தோல். எனக்கு அது ஒன்றும் செய்யவில்லை.

மறுநாள் டீ இடைவேளையில் சிஸ்டர் எங்கள் மேஜைக்கு வந்தார். சுற்றிலும் பெண்கள். "நூர்ஜஹான் விஷயத்துல நான் தப்பு பண்ணிட்டேன். கேள்விய கேட்டேன், பதில நானே முடிவு பண்ணிட்டேன். எட்டு மாசம் அந்தப் பொண்ணு கஷ்டப்பட்டா, நான் அவளையே திட்டுனேன். மன்னிச்சுக்கோம்மா" என்றார். நூர்ஜஹான் திணறிப்போய், "விடுங்க சிஸ்டர்" என்றாள். அவளை அட்டைப்பெட்டிப் பகுதிக்கு மாற்ற சிஸ்டர் நாலு முறை ஆபீசுக்கு நடந்தார். மாற்றியபின் கை ஆறியது. அதற்குப் பிறகு சிஸ்டரின் நோட்டில் ஒரு கேள்வி கூடியது: லீவில் இருந்தால் குறைகிறதா?

அந்த நோட்டால்தான் அடுத்த பிரச்சினை வந்தது. நாலைந்து வருடத்தில் அதில் நூற்றுக்கு மேற்பட்ட பெண்களின் விவரம் சேர்ந்துவிட்டது. யாருக்கு இழுப்பு, யாருடைய அம்மாவுக்குச் சொறி, யாருக்கு மாதவிலக்கு சமயத்தில் அரிப்பு ஏறுகிறது, யார் வீட்டில் புகை அடுப்பு, யார் கவலையில் தூங்குவதில்லை, யாருக்குத் தலைக்குப் போடுகிற டை ஒத்துக்கொள்ளவில்லை எல்லாம் இருந்தது. இதை வைத்து, பேஸ்டிங்கில் தின்னருக்குப் பதில் வேறு ஏதாவது கொடுங்கள், நல்ல கையுறை கொடுங்கள், கை கழுவும் இடத்தில் களிம்பு வையுங்கள் என்று கேட்டு அவர் ஒரு கடிதம் எழுதினார். லைன் சார்பாக என்னையும் ஆபீசுக்குக் கூட்டிப்போனார்.

மேனேஜர் கடிதத்தைப் படித்தார். முகம் மலர்ந்தது. "சிஸ்டர், நீங்களே எழுதியிருக்கீங்களே. இது பரம்பரையா வர்றது. அப்படீன்னா கம்பெனி மேல தப்பு இல்லையே. அந்த நோட்ட குடுங்க. இனிமே ஆள் எடுக்கும்போதே குடும்பத்துல யாருக்காவது இருக்கான்னு கேட்டுடலாம். இருந்தா எடுக்கவே வேணாம். அவங்களுக்கும் நல்லது, நமக்கும் நல்லது."

அந்த நோட்டில் முதல் பக்கத்தில் நான் இருந்தேன்.

"சார், நான் அதுக்காகக் கேக்கல" என்றார் சிஸ்டர்.

"எதுக்குக் கேட்டா இன்னா? தகவல் தகவல்தானே."

"அம்மாவுக்கு இழுப்பு இருந்தா பொண்ணுக்குக் கை வெடிக்கும்னு எழுதல சார். வெடிக்க வாய்ப்பு ஜாஸ்தி, அதனால ஜாக்கிரதையா வெச்சுக்கணும்னு எழுதியிருக்கேன். அந்தப் பொண்ணுங்கள்ள பாதிப் பேருக்கு ஒண்ணுமே வராது. வீட்ல யாருக்கும் எதுவும் இல்லாத பொண்ணுக்கும் உங்க தின்னர்ல கை வெந்து போவும். என்னை நம்பிச் சொன்னாளுங்க. அத வெச்சு அவங்க சோத்துல கை வெக்க மாட்டேன்."

"நோட்டு கம்பெனி நோட்டு சிஸ்டர். நாளைக்குக் கொண்டாந்து குடுத்துடுங்க."

மறுநாள் மதியச் சாப்பாட்டு நேரத்தில் சிஸ்டர் சாப்பாட்டுக் கூடத்துக்கு வந்தார். நோட்டிலிருந்து பக்கங்களை ஒழுங்காகக் கத்தரித்து எடுத்துவந்திருந்தார். ஒவ்வொருத்தியாகப் பெயர் சொல்லிக் கூப்பிட்டு அவளவள் பக்கத்தை அவளவள் கையில் கொடுத்தார். "டாக்டர்கிட்ட போனா இத காமி. மத்த யார்கிட்டயும் காட்டணும்னு இல்ல." பிறகு அட்டையை மட்டும் எடுத்துக்கொண்டு ஆபீசுக்குப் போனார். கம்பெனி நோட்டைக் கம்பெனியிடம் ஒப்படைத்துவிட்டதாக அவர் வெளியே வந்து சொன்னபோது நாங்கள் சிரித்தோம். அவர் சிரிக்கவில்லை. அவருடைய சம்பளத்தில்தான் படுத்த படுக்கையாக இருந்த கணவரின் வைத்தியம் நடந்தது என்பது எங்களில் பலருக்கு அப்போது தெரியாது.

அவருக்கு மெமோ வந்தது. பிறகு வாணியம்பாடி தாண்டி இருந்த இன்னொரு யூனிட்டுக்கு மாற்றினார்கள். போக வர நாலு பஸ். கணவர் இறந்ததும் அந்தக் காலத்தில்தான். ஒன்றரை வருடம் அப்படிப் போனது. இங்கே அந்தக் கேள்வி வேலைக்கு விண்ணப்பிக்கும் படிவத்தில் வந்தே விட்டது. வந்த பெண்கள் எல்லோரும் "இல்லை" என்று எழுதினார்கள். இழுப்பா, சொறியா, எங்கள் குடும்பத்திலா? யாருக்கும் எதுவும் இல்லை. அதைவிட ஆரோக்கியமான குடும்பங்கள் இந்த மாவட்டத்திலேயே கிடையாது. உள்ளே வந்த பிறகு கை வெடித்தால் மறைத்தார்கள், முதலுதவி அறைக்குப் போகவில்லை, முற்றிய பிறகு திடீரென்று நின்றுவிட்டார்கள். பேஸ்டிங்கில் ஆள் நிற்கவில்லை. அடுத்து வந்த மேனேஜர் காரணம் கேட்டார். நானும் நூர்ஜஹானும் போய்ச் சொன்னோம். நாங்கள் பேசியதால்தான் நடந்தது என்று சொல்ல மாட்டேன், ஆள் பற்றாக்குறை எங்களைவிடச் சத்தமாகப் பேசியது. படிவத்திலிருந்து கேள்வி போனது. கையுறை வந்தது. தின்னர் துணி போனது. சிஸ்டர் திரும்பி வந்தார்.

திரும்பி வந்த முதல் நாள் நான் போய்ப் பார்த்தேன். மேஜையில் புது நோட்டு ஒன்று இருந்தது. பெண்களின் பெயர் எழுதும் இடத்தில் எண்கள் மட்டும் இருந்தன. எந்த எண் யாருக்கு என்பதை அவர் எங்குமே எழுதி வைக்கவில்லை. தலைக்குள்ளேயே வைத்திருந்தார். இப்போது அந்த எண்களை யாராலும் படிக்க முடியாது. அப்படித்தான் இருக்க வேண்டும் என்று அவர் நினைத்திருப்பார்.

கடைசியாக நான் அவரோடு பேசியது போன மாதம். என் மகளுக்குப் பத்தொன்பது வயது, ஹாஸ்டலில் தங்கிக் கல்லூரியில் படிக்கிறாள். தேர்வு முடிந்து வீட்டுக்கு வந்தபோது முழங்கை மடிப்பு அரித்துச் சிவந்து தடித்திருந்தது. சின்ன வயதில் எனக்கு எப்படி வந்ததோ அதே மாதிரி. அவள் விளையாட்டாக, "எல்லாம் உன்னாலதாம்மா" என்றாள். எனக்கு அது விளையாட்டாகப் படவில்லை. இரண்டு நாள் அவள் கையைப் பார்க்கவே முடியவில்லை. சிஸ்டருக்குப் போன் செய்து, "நான்தான் சிஸ்டர் அவளுக்குக் குடுத்துட்டேன்" என்றேன்.

அவர் கேட்டார். "உங்க அம்மா மேல உனக்குக் கோவம் இருக்கா?"

"எதுக்கு சிஸ்டர்? அவங்க இன்னா பண்ணுவாங்க, பாவம்."

"அப்புறம் உன் பொண்ணுக்கு மட்டும் உன்மேல கோவம் இருக்கும்னு ஏன் நெனைக்கற? போய் அவ கைய பாரு. எத்தன மணிக்குத் தூங்கறான்னு கேளு."

போனை வைத்துவிட்டார். சர்ச்சுக்கு நேரமாகிவிட்டது என்று நினைக்கிறேன்.

பியூலா சிஸ்டரைப் பற்றி ஒவ்வொருத்தியிடமும் ஒவ்வொன்று இருக்கும். என்னிடம் மிச்சமிருப்பது கேட்கிற பழக்கம். கேட்டுவிட்டுப் பதிலை நாமே முடிவு செய்யாமல் இருப்பதையும் சேர்த்துச் சொல்கிறேன். அவர் அதைத் தாமதமாகக் கற்றுக்கொண்டார், நான் அவரைவிடத் தாமதம். சிஸ்டரோடு பேசிய அன்று மாலை மகளின் பக்கத்தில் உட்கார்ந்து அவள் கையை என் மடியில் எடுத்து வைத்துக்கொண்டேன். எப்போதிலிருந்து அரிக்கிறது என்று கேட்டேன். தேர்வைப் பற்றி ஆரம்பித்தாள். தூக்கம் வராததைச் சொன்னாள். ஹாஸ்டல் தண்ணீர், புது சோப்பு, யாரிடமும் சொல்லாமல் வைத்திருந்த ஒரு பயம் என்று பேச்சு எங்கெங்கோ போனது. அடுப்பில் குழம்பு அடிப்பிடித்தது. நான் எழுந்திருக்கவில்லை. அவள் சொல்லி முடிக்கட்டும் என்று உட்கார்ந்திருந்தேன்.